தொழுவமும் கிணறும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளென்று அகராதிகள் கூறும். ஒருவன் பொருளுடையான் என்பதை அவன் பட்டியில் நிற்கும் கால்நடைகளைக் கொண்டு நம் முன்னோர் அளந்தனர் என்பதற்கு இச்சொல் ஒன்றே போதிய சான்றாகும். அதனையடுத்து எண்ணப்பட்ட செல்வம் வற்றாத நன்னீர்க் கிணறு. புறக்கடையில் தொழுவமும் அதன் அருகே கிணறும் உடைய வீட்டைக் குறைவற்ற வீடென்றே கிராமத்தார் இன்றும் சொல்லுவர். இவ்விரண்டும் அருகருகே இருத்தலால் வேலை மிச்சமாகும். இறைத்த குடத்தை நாலடி எடுத்துச் சென்றால் மாட்டுத் தொட்டி நிறைந்துவிடும். ஆனால் அந்த அண்மையே ஒன்றினால் மற்றொன்று கெடுதற்கும் ஏதுவாகின்றது. அவ்வாறு கெடுமிடத்துப் பழி யாருடையது, பரிகாரம் தேடவேண்டியவர் யார் என்னும் இரண்டு வினாக்களைக் குறித்துச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் வேதியியல் பயின்றவரேயன்றி மருத்துவமோ கால்நடை மருத்துவமோ கற்றவரல்லேம். கறவை மாடுகளால் வாழும் குடும்பத்திற் பிறந்து, பால் விற்ற காசினால் இக்கல்லூரியிற் படித்தவர் என்பதே இப்பொருளைப்பற்றிப் பேசுதற்கு எமக்குள்ள உரிமை. ஆதலின் மாட்டையோ மாடு வளர்ப்பாரையோ இகழும் எண்ணம் எமக்கு எள்ளளவும் இல்லை என்பதை முதற்கண் சொல்லி வைக்கின்றோம்.

சாணம் நிலத்தைச் சேர்ந்தால் அது பயிருக்கு உணவு. நீரைச் சேர்ந்தால் அதுவே நஞ்சு. இஃது எங்ஙனம் என்பதைச் சிறிது விளக்குவோம். சாணத்திலும் கோமூத்திரத்திலும் உள்ள நைட்ரசன் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் முதலில் அம்மோனியாவாகவும், பின்னர் நைட்ரைட்டாகவும், முடிவில் நைட்ரேட்டாகவும் மாறுகின்றது. பயிர் விரும்பி உண்பது இந்த நைட்ரேட்டையே. பயிர் உண்டது போக எஞ்சியதை மண் பற்றி வைத்துக்கொள்ளாது. அது நீரில் எளிதிற் கரைவதாதலின், மழை நீரோடு கீழிறங்கி நிலத்தடி நீரைச் சேர்ந்துவிடும். பயிரே இல்லாத எருக்குழியிலோ எஞ்சுவதற்கு அளவே இல்லை.

இதனினும் விரைந்து தீங்கு செய்வன நோய்க்கிருமிகள். 1885-ஆம் ஆண்டில் எஷ்ஷெரிக் என்னும் குழந்தை வைத்தியர் குடலில் வாழும் ஒரு நுண்ணுயிரை விவரித்தார். அவர் பெயராலேயே இன்று எஷ்ஷெரிக்கியா கோலி என்று வழங்கும் அவ்வினத்திற் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆயினும் 1982-ஆம் ஆண்டில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செவ்வையாய் வேகாத மாட்டிறைச்சியை உண்டவர்களுக்கு இரத்தபேதி கண்டபோது, ஓ157 என்று குறிக்கப்படும் கொடிய வகையொன்று முதன்முதலாக நோய்க்குக் காரணமென்று அறியப்பட்டது. அது சுரக்கும் நஞ்சு சிறு குழந்தைகளின் செங்குருதி அணுக்களைச் சிதைத்துச் சிறுநீரகத்தையும் பழுதாக்க வல்லது. இதில் வியப்பும் அச்சமும் தருவது யாதெனில், அக்கிருமியைக் குடலிற் சுமக்கும் பசு சிறிதும் நோயுறுவதில்லை என்பதே. அதன் பால் குறைவதில்லை, அசைபோடுதல் நிற்பதில்லை. எத்துணை விழிப்புள்ள குடியானவனும் தன் மாட்டைக் கண்ணாற் கண்டு இதனை அறிந்துகொள்ள இயலாது.

இத்தகைய கேடு ஓரூரையே அழவைத்த வரலாறு ஒன்று உண்டு. கானடா தேசத்து ஒண்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூர் உள்ளது. 2000-ஆம் ஆண்டில் அங்கே ஏறக்குறைய 4,800 பேர் வசித்தனர். ஊருக்குக் குடிநீர் தந்த கிணறுகளில் ஐந்தாம் எண் கிணறு ஒன்று. அதன் அருகே மாட்டுப்பண்ணை ஒன்றிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாத இறுதியில் பண்ணைக்காரர் வழக்கம்போல் தம் வயலுக்கு எருவிட்டார். மே 8 முதல் 12 வரை ஐந்து நாட்களில் 134 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதிற் பாதிக்கு மேற்பட்டது 12-ஆம் தேதி ஒரே நாளிற் பெய்தது. மழைநீர் எருவிலிருந்த கிருமிகளை ஆழமற்ற அக்கிணற்றிற் கொண்டு சேர்த்தது. ஒரு வாரத்திற்குள் குழந்தைகளும் முதியோரும் வயிற்று நோவும் இரத்தபேதியுமாய் வைத்தியசாலைகளை நாடினர். ஏறக்குறைய 2,300 பேர் நோயுற்றனர். 65 பேர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர். அவருள் 27 பேருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் கொடிய நிலை உண்டாயிற்று. எழுவர் இறந்தனர். செல்வமும் கல்வியும் மிக்க ஒரு நாட்டில், குழாயைத் திறந்து நீர் பருகியதன்றி வேறொன்றும் செய்யாத மக்களுக்கு இது நேர்ந்தது.

இதனை விசாரிக்க நீதிபதி டென்னிசு ஓ கானர் என்பவர் நியமிக்கப்பட்டார். 2002-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த அவரது அறிக்கையின் முதற்பகுதியை மாணவர் ஒவ்வொருவரும் படித்தல் நலம். எரு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்பதை அவர் ஐயமின்றி அறிந்தார். எனினும் பண்ணைக்காரர்மேல் குற்றஞ் சுமத்தினாரல்லர். அவர் நல்ல முறையிலேயே எருவைக் கையாண்டார் என்றும், நிகழ்ந்ததற்கு அவரைக் குறைகூறுதல் தகாதென்றும் எழுதினார். பின் குற்றம் எங்கே இருந்தது? அக்கிணறு 1978-ஆம் ஆண்டில் தோண்டப்பட்டது. அதன் காப்புக் குழாய் 5 மீட்டர் ஆழமே இறங்கியது. அதன் கீழே வெடிப்புள்ள பாறையின் வழியாக நீர் ஊறியது. அருகிலுள்ள நிலங்களிலிருந்து அழுக்கு வந்து சேரக்கூடும் என்னும் எச்சரிக்கை அன்றே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதனைப் பொருட்படுத்தியவர் இலர். நீரில் குளோரின் மருந்து எவ்வளவு எஞ்சுகின்றதென்று நாள்தோறும் அளக்கவேண்டிய பணியாளர், அளவாமலே ஏட்டில் எண்களைப் புனைந்து எழுதினர். நீரைச் சோதித்த ஆய்வுசாலை மே 17-ஆம் தேதியே தீய முடிவைத் தெரிவித்தது. அதைப் பெற்றவர் மறைத்தார். சுகாதார அதிகாரிகள் வினவியபோது நீர் நன்றாகவே உள்ளதென்று விடை வந்தது. அவர்கள் தாமே துணிந்து 21-ஆம் தேதி நீரைக் காய்ச்சிப் பருகுமாறு அறிவிக்கும்வரை ஊரார் அந்நீரையே பருகினர். 1996-ஆம் ஆண்டு முதல் அரசாங்க ஆய்வுசாலைகள் இப்பணியைக் கைவிட்டன. அவற்றினிடத்தைப் பெற்ற தனியார் ஆய்வுசாலைகள் தீய முடிவை அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டுமென்று சட்டமும் செய்யப்படவில்லை. குளோரின் அளவையும் நீரின் கலங்கலையும் இடைவிடாது அளக்கும் கருவி ஒன்று அக்கிணற்றில் இருந்திருப்பின் நோய் பரவுதலைத் தடுத்திருக்கலாம் என்பது நீதிபதியின் முடிவு.

மாடு குற்றவாளி அன்று. மாடு வளர்த்தவரும் குற்றவாளி அல்லர். சாணத்திற்கும் குடிநீருக்கும் இடையே இருக்கவேண்டிய தூரத்தையும் காவலையும் ஊரும் அரசும் சேர்ந்து இழந்துவிட்டமையே குற்றம். இவ்வுண்மையை யாம் நூலிற் படித்து அறிந்தோமேனும், அதன் கனத்தை உணர்ந்தது எம் சொந்த ஊரிலேதான்.

எம் ஊர் கொங்கு நாட்டில் மேட்டுப்பாங்கான ஒரு சிற்றூர். தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்காற் பங்கு கடினப் பாறையால் ஆனது. எம் ஊரும் அப்பகுதியைச் சேர்ந்ததே. மேலே சிறிதளவு மண். அதன் கீழே சிதைந்த பாறை. அதற்கும் கீழே வெடிப்புகள். பருமனான மண்படலம் நீரை வடிகட்டும். வெடிப்புப் பாறையோ வாய்க்கால்போல் அப்படியே கொண்டு செல்லும். எம் பாட்டனார் காலத்தில் வீட்டுக்கு ஓர் உழவுமாட்டு இணையும் ஒரு பசுவும் இருந்தன. சாணம் வரட்டியாயிற்று, எஞ்சியது கோடையில் வண்டியேறிக் காட்டுக்குப் போயிற்று. இப்போதோ பால் கூட்டுறவுச் சங்கத்தின் பயனாய் வீடுதோறும் கலப்பினப் பசுக்கள் நிற்கின்றன. அத்தகைய பசுவொன்று நாளொன்றுக்கு 15 கிலோவுக்குக் குறையாத சாணம் இடும் என்று கொண்டால், ஐந்து பசுக்கள் ஓராண்டில் இடுவது 27 டன்னுக்கு மேலாகும். வரட்டி தட்டுவார் இலர், விறகடுப்பே அருகிவிட்டது. தொழுவத் தரையை மோட்டார்க் குழாயால் நாளிருமுறை கழுவுகின்றனர். பழைய எருக்குழி உலர்ந்த குப்பைக்காக வெட்டப்பட்டது. இன்றோ அது எந்நேரமும் குழம்பாய் நிற்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழை ஓய்ந்த வாரத்தில், எங்கள் தெருவில் அடுத்தடுத்துப் பல குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. இரண்டு வயதுப் பெண் குழந்தையொன்று எட்டு நாட்கள் வைத்தியசாலையிற் கிடந்து, உயிர் பிழைத்தது பெரிதென்னும் நிலையில் வீடு திரும்பியது. குழாய்த் தண்ணீர் முறைவைத்தே வருவதால், பதினொரு வீட்டார் ஒரே பொதுக்கிணற்று நீரைப் பருகி வந்தனர். யாம் விடுமுறைக்குச் சென்றபோது சோதனைக் குப்பிகள் சிலவற்றை உடன் கொண்டு சென்றோம். 1982-ஆம் ஆண்டில் நம் இந்திய அறிஞர் மாஞ்சாவும் அவர்தம் தோழரும் வெளியிட்ட எளிய முறை அது. மருந்து தோய்த்த காகிதத் துண்டு குப்பியினுள் இருக்கும். அதில் நீரை நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக்கலப்புள்ள நீர் ஓரிரு நாளிற் கறுத்துவிடும். எங்கள் கிணற்று நீர் மறுநாள் மாலைக்குள் மைபோற் கறுத்தது.

கறுத்த குப்பியைக் கண்டவுடனே தெருவார் அனைவரும் ஒரு திசையையே நோக்கினர். கிணற்றுக்கு இருபதடி தூரத்தில் விதவையான ஓர் அத்தையின் எருக்குழி இருந்தது. அவருக்குப் பசுக்கள் ஐந்து, நிலம் இல்லை. அப்பாலைக் கொண்டே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து வந்தார். மாடுகளை ஊருக்கு வெளியே ஓட்டவேண்டும், இல்லையேல் விற்றுவிடவேண்டும் என்று கூட்டத்திற் சிலர் உரத்துப் பேசினர். அவர் அழவில்லை, எம்மை நோக்கி, "தம்பி, இந்தக் குழி என் மாமனார் காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறது. அப்போது வராத நோவு இப்போது ஏன் வந்தது? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்" என்றார்.

அவ்வினாவுக்குச் செவ்வையாய் விடை கூறுதல் எம் கடமையாயிற்று. "அத்தை, அன்று மாடு ஒன்று, இன்று ஐந்து. அன்று குழி உலர்ந்திருந்தது, இன்று நனைந்திருக்கிறது. அன்று கிணற்றின் உட்சுவர் உறுதியாயிருந்தது. இன்று பத்தடி ஆழம்வரை காரை பெயர்ந்து கிடக்கிறது. அதைச் செப்பனிடாதது உங்கள் குற்றமன்று" என்றோம். மற்றொன்றையும் கூட்டத்தாருக்கு எடுத்துரைத்தோம். அக்குப்பி மலக்கலப்பு உண்டென்று சொல்லுமேயன்றி, அது மாட்டினுடையதா மனிதருடையதா என்று சொல்லாது. அத்தையின் எருக்குழி ஒருபுறம் இருந்ததுபோலவே, உரத்துப் பேசியவர் வீட்டுக் கழிவறைக்குழி மறுபுறம் முப்பதடியில் இருந்தது. மேலும் அப்பதினொரு வீட்டாரில் அத்தையிடம் பால் வாங்காதவர் இலர். கோடையில் அக்குழியிலிருந்து தம் காட்டுக்கு எரு வாங்காதவரும் இலர். குழியின் பயனிற் பங்குகொண்டவர் குழியின் பொறுப்பில் மட்டும் பங்கில்லை என்பது எங்ஙனம் பொருந்தும்?

கூட்டம் நெடுநேரம் பேசாதிருந்தது. பின்னர் வைத்தியசாலையிலிருந்து மீண்ட குழந்தையின் பாட்டனார் எழுந்து, "மாடு இருக்கட்டும், குழியை மாற்றுவோம். என் வீட்டிலிருந்து இரண்டு ஆள் வருவார்கள்" என்றார். பழியின் பேச்சு அத்துடன் நின்று வேலையின் பேச்சுத் தொடங்கிற்று.

செய்த வேலைகளைச் சுருங்கச் சொல்லுவோம். பிற ஊரார்க்கும் பயன்படலாம். மாசு சேரத்தக்க எவ்விடத்திற்கும் கிணற்றிற்கும் இடையே 15 மீட்டராவது தூரம் வேண்டுமென்றும், கிணறு மேட்டிலும் குழி பள்ளத்திலும் இருக்கவேண்டுமென்றும், நீர் கசியாத உட்சுவர் 20 அடி ஆழமாவது இறங்கவேண்டுமென்றும் பொதுச் சுகாதார நூல்கள் கூறும். அவ்வாறே புதிய எருக்குழியைத் தாழ்ந்த பக்கத்தில் தூரமாக வெட்டி, அடியில் கல்லும் காரையும் இட்டு, மேலே தகரக் கூரை வேய்ந்தோம். தொழுவம் கழுவிய நீர் தென்னங்கன்றுகளுக்குப் பாயும்படி வாய்க்கால் அமைத்தோம். கழிவறைக்குழியை அவ்வீட்டார் தாமே மாற்றினர். கிணற்றின் உட்சுவர் பூசப்பட்டது, கைப்பிடிச்சுவர் உயர்த்தப்பட்டது, சுற்றிலும் சரிவான மேடை கட்டப்பட்டது. காசு உள்ளவர் காசும், இல்லாதவர் உடலுழைப்பும் தந்தனர். மழைக்காலத்தில் வெளுப்புத்தூள் இடுதலையும், இட்ட நாளை ஏட்டில் எழுதுதலையும் தெருவிலுள்ள பள்ளி மாணவிகள் மேற்கொண்டனர். அளவாமல் எதையும் எழுதக்கூடாது என்பதற்காக, வாக்கர்ட்டன் ஊரின் கதையை யாம் அவர்களுக்குச் சொன்னோம். அக்கதையை அவர்கள் மறக்கவில்லை.

இவற்றால் எல்லாம் நலமாயிற்று என்று கூறின் அது மெய்யாகாது. அடுத்த ஆண்டு குப்பிகள் பெரும்பாலும் தெளிவாகவே நின்றன. கனமழை பெய்த ஒரு வாரத்தில் மட்டும் மீண்டும் ஒன்று கறுத்தது. தூளிட்டு நீரைக் காய்ச்சிப் பருகினோம். ஒருவருக்கும் நோய் வரவில்லை. கிருமியை இவ்வாறு அடக்கலாம். நைட்ரேட்டின் செய்தி வேறு. கிணற்று நீரைக் கல்லூரி ஆய்வுசாலையிற் சோதித்தபோது, லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்னும் இந்திய அளவை அது கடந்தே நின்றது. இது எம் ஊருக்கு மட்டும் உரியதன்று. உரத்தாலும் கழிவுநீராலும் கால்நடைக் கழிவாலும் தமிழ்நாட்டுக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு மீறியிருத்தலை நிலத்தடி நீர் ஆய்வுகள் காட்டுகின்றன. நீரைக் காய்ச்சினால் நைட்ரேட்டு நீங்காது. நீர் ஆவியாய்க் குறைய, அது செறிவு மிகும். 1945-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாகாணத்து வைத்தியர் காம்லி, கிணற்று நீரிற் கலந்த உணவை உண்ட பச்சிளங் குழந்தைகள் உடல் நீலம் பாரித்ததைக் கண்டு, அதற்கு நைட்ரேட்டே காரணமென்று எழுதினார். அது குழந்தையின் உடலுள் நைட்ரைட்டாக மாறி, குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். பல ஆண்டுகளாய் மண்ணில் இறங்கியது ஓராண்டில் நீங்காதாதலின், எங்கள் தெருவில் கைக்குழந்தையுள்ள வீட்டார் அக்குழந்தைக்கு வேண்டிய நீரை இன்றும் குழாய் நீர் வரும் நாளில் தனியே பிடித்து வைக்கின்றனர்.

நீர் கெடுவதால் மாடும் தப்புவதில்லை என்பதையும் மாடு வளர்ப்பார் நினைவிற்கொள்ளவேண்டும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை விரைவில் நைட்ரைட்டாக்கிவிடும்; அளவு மிகுந்தால் அதன் குருதி பழுப்பு நிறங்கொண்டு, மூச்சுத் திணறி மாடு விழும். சாணமும் உரமும் கலந்த குட்டையிற் கோடைக்காலத்தில் நீலப்பச்சைப் பாசி பூத்தால், அதிற் சிலவகை நஞ்சுடையவை. அந்நீரைக் குடித்த மாடுகள் இறந்ததுண்டு. பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீரே. நல்ல நீர் கிடையாத பசு குறைவாய்க் குடிக்கும். குறைவாய்க் குடித்தால் குறைவாய்க் கறக்கும். ஆகவே கிணற்றைக் காத்தல் அயலாருக்குச் செய்யும் உபகாரம் மட்டுமன்று. தன் தொழுவத்தைக் காத்தலும் ஆகும்.

வாக்கர்ட்டனில் நேர்ந்ததன்பின் ஒண்டாரியோ மாகாணம் 2002-ஆம் ஆண்டிற் குடிநீர்க் காப்புச் சட்டமும், 2006-ஆம் ஆண்டில் நீர் ஊறும் இடங்களையே காக்கும் மற்றொரு சட்டமும் செய்தது. எழுவர் இறந்த பின்னரே அவை பிறந்தன. நம் கிராமங்களில் அவ்வாறு ஓர் இழப்பு நேரும்வரை காத்திருத்தல் வேண்டா. நம் கல்லூரி மாணவருட் பலர் கிராமங்களிலிருந்து வருபவர். அறிவியல் பயில்வார்க்குச் சோதனைக் குப்பி எட்டாத பொருளன்று. தமிழும் பொருளாதாரமும் பயில்வார்க்கோ ஊராரிடம் இதமாய்ப் பேசும் ஆற்றல் உண்டு. வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் குடிநீர்க் கிணற்றருகே நின்று நாற்புறமும் நோக்குக. தொழுவம் எத்தனை அடியில் உளது, எருக்குழி எத்திசையில் உளது, மழைநீர் எங்கிருந்து எங்கே ஓடுகின்றது என்று ஒரு தாளிற் குறித்து வருக. குப்பி கறுத்தால், யார் வீட்டை நோக்கி விரல் நீட்டுவது என்று எண்ணுமுன், யார் யார் மண்வெட்டி எடுத்து வருவார் என்று கேட்டறிக. அவ்வாறு குறித்த தாள்களை வேதியியற் பகுதியிற் கொணர்ந்து தருவார்க்கு நீரைச் சோதித்துக் கொடுப்பதில் எம்மால் இயன்ற உதவியைச் செய்யக் காத்திருக்கின்றோம்.